வீடு வாங்குமுன் மண்ணின் வரலாற்றைக் கேளுங்கள்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு இரண்டு நாள்களுக்கு முன், எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு வாக்குவாதம் நடந்தது. புதிதாய்த் திருமணமான இளம் ஆசிரியை ஒருவர் மூன்று வீடுகளைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று பெட்டாலிங் ஜெயாவின் பழைய பிரிவொன்றில் உள்ள ஒற்றை மாடி வரிசை வீடு. மற்றொன்று பூச்சோங்கில் அடுக்குமாடி. மூன்றாவது கிள்ளானில் இரட்டை மாடி வரிசை வீடு. விலையில் பெரிய வேறுபாடில்லை. "டீச்சர், பத்து வருடம் கழித்து விற்றால் எது நல்ல விலைக்குப் போகும்?" என்பதே அவருடைய கேள்வி.

ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். இரயில் நிலையம் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றார் ஒருவர். மூலை வீடாக இருந்தால் போதும் என்றார் இன்னொருவர். வீட்டை விற்பதற்கென்றே வாங்குவது வீடா, கடையா என்று கேட்டுவிட்டுத் தம் தேநீரைக் குடிக்கப் போனார் எங்கள் மூத்த ஆசிரியர். நான் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை வரலாறு கற்பிப்பவள். என் வாயில் வந்தது, "முதலில் அந்த நிலம் யாருடையதாக இருந்தது என்று பாரம்மா" என்பதுதான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. அன்று மணி அடித்துவிட்டதால் சொல்லி முடிக்க இயலாமற்போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் இன்று 'தாமான்' என்றும் 'பண்டார்' என்றும் அழைக்கின்ற குடியிருப்புகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டமாகவோ ஈயச் சுரங்கமாகவோ இருந்தவை. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886-இல் முதல் இரயில் ஓடிய பிறகு, அந்தப் பாதையின் இருமருங்கிலும் இருந்த காடு மெல்ல மெல்லத் தோட்டமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை ஏறிய வேகத்தில் இலண்டனில் பதிவுபெற்ற நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரை எடுத்துக்கொண்டன. பிரிட்டிஷ் ஆட்சி அன்று முதலீட்டை ஈர்க்க விரும்பியது. ஆகவே தோட்ட நிலங்கள் பலவற்றுக்கு நிரந்தர உரிமை கொண்ட பட்டாக்கள் வழங்கப்பட்டன. காடு வெட்டியவரும் கன்று நட்டவரும் பால் எடுத்தவரும் நம் பாட்டன் பாட்டிகள். பட்டா இருந்ததோ இலண்டனில் இருந்த பெட்டகத்தில்.

இந்தப் பழங்கதைக்கும் மறுவிற்பனை விலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நேரடியான தொடர்பு உண்டு. நம் நாட்டில் நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி மாநில அரசு புதிதாய் வழங்கும் நிலம் பொதுவாக 99 ஆண்டுக்கு மேற்படாத குத்தகையாகவே இருக்கும். நிரந்தர உரிமை சில சூழல்களில் மட்டுமே தரப்படுகிறது. அதனால் இன்று நாம் வாங்கும் வீட்டின் பட்டா 'கெரான்' என்று தொடங்குகிறதா, 'பஜாக்கான்' என்று தொடங்குகிறதா என்பது, வீட்டைக் கட்டிய நிறுவனத்தின் தாராளத்தால் அமைவதன்று. அந்த நிறுவனத்திற்கு முன் அந்த மண்ணை வைத்திருந்தவர் யார், அவரிடமிருந்து அது எவ்வழியாய்க் கைமாறிற்று என்பதால் அமைவது.

இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுமே இரப்பர்த் தோட்டத்தில் எழுந்தவை. இடையே உள்ள தொலைவு மகிழுந்தில் கால் மணி நேரம், நெரிசல் இல்லாவிட்டால்.

முதலாவது பெட்டாலிங் ஜெயா. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோலாலம்பூரில் மக்கள் நெருக்கம் தாங்கமுடியாததாயிற்று. அவசரகாலம் வேறு நடந்துகொண்டிருந்தது. புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர்களைக் குடியமர்த்த அரசுக்கு இடம் தேவைப்பட்டது. ஏறக்குறைய 1,200 ஏக்கர் கொண்ட எஃபிங்ஹாம் இரப்பர்த் தோட்டம் அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1950-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு துணை நகரம் எழுந்தது. நாட்டின் முதல் திட்டமிட்ட புறநகர் என்று அதைச் சொல்லலாம். இன்று பி.ஜே. பழைய பட்டணம் என்று நாம் அழைக்கும் பகுதி அதுவே. மனைகளை அரசு பிரித்து மக்களுக்கு வழங்கியது. அரசு வழங்கியதனால் அவை குத்தகை நிலங்களாயின. பழைய பிரிவுகளின் வீடுகள் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகையில் இருப்பதன் காரணம் இதுதான்.

இரண்டாவது சுபாங் ஜெயா. இதன் அடியில் இருப்பது சீபீல்ட் தோட்டம். இங்கே அரசு நகரம் அமைக்கவில்லை. தோட்ட நிலத்தைத் தனியார் மேம்பாட்டு நிறுவனம் 1976-இல் வீடுகளாக்கத் தொடங்கியது. பழைய நிரந்தர உரிமை புதிய வீட்டு மனைகளுக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே சுபாங் ஜெயாவின் வரிசை வீடுகள் பெரும்பாலும் நிரந்தர உரிமை கொண்டவை.

1960-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2059-இல் முடிகிறது. இன்று அப்படியொரு வீட்டை 30 ஆண்டுக் கடனில் வாங்குகிற இளம் ஆசிரியை, கடைசித் தவணையைக் கட்டும்போது குத்தகையும் ஏறக்குறையக் கரைந்திருக்கும். வங்கி அதைக் கணக்கிடும். அரசு ஊழியர் வீட்டுக்கடன் தருவோரும் கணக்கிடுவார்கள். கணக்கிடாதவர் நாம் மட்டுமே. குத்தகையைப் புதுப்பிக்கலாம், ஆனால் நில மதிப்பை ஒட்டி மாநில அரசுக்குத் தொகை செலுத்தவேண்டும். விற்க வேண்டுமானாலும், பட்டாவில் கட்டுப்பாடு எழுதப்பட்டிருந்தால், மாநில அரசின் ஒப்புதலை முதலில் பெறவேண்டும்.

'அப்படியானால் பி.ஜே. வேண்டாம், சுபாங் ஜெயாதான்' என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பி.ஜே. பழைய வீடுகள் இன்றும் நல்ல விலைக்குப் போகின்றன. பல்கலைக்கழக மருத்துவமனை, பழம்பெரும் பள்ளிகள், கோலாலம்பூரின் அண்மை ஆகியவற்றைப் பின்னால் வந்த எந்த நகரமும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகவில்லை. நல்ல இடத்தில் உள்ள குத்தகை வீடு, ஒதுக்குப்புறத்தில் உள்ள நிரந்தர வீட்டைத் தோற்கடிப்பது உண்டு. குத்தகையைப் புதுப்பித்துவிட்டு விற்பவர் ஒரு விலை பெறுகிறார். புதுப்பிக்காமல் விற்பவர் வேறொரு விலை பெறுகிறார். அந்த வேறுபாட்டை வாங்கும்போதே பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும் என்பதே நான் சொல்வது.

இவ்வளவு விவரமாய் எழுதுகிறாளே, இவளுக்கு முன்பே தெரிந்திருந்ததா என்று எண்ணாதீர்கள். ஒன்றும் தெரியாது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் குழந்தை உளவியல் சொல்லிக் கொடுத்தார்கள்; பாடத்திட்டம் தீட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். பட்டாவைப் படிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. 2008-இல் நானும் என் கணவரும் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டை 110,000 வெள்ளிக்கு வாங்கினோம். விளம்பரத் தாளில் நீச்சல் குளத்தின் படம் பெரிதாய் இருந்தது. 'குத்தகை நிலம்' என்னும் சொல் எறும்பு அளவில் இருந்தது. 2017-இல் விற்க முற்பட்டோம். வாங்க வந்தவர் நல்லவர், மூன்று பிள்ளைகளுக்குத் தந்தை. மாநில ஒப்புதலுக்கு விண்ணப்பித்தோம். ஒரு பத்திரம் போதவில்லை என்று திரும்பி வந்தது. மீண்டும் அனுப்பினோம். மாதங்கள் ஓடின. அவருக்கு வங்கி கொடுத்திருந்த கடன் ஒப்புதலின் காலக்கெடு முடிந்தது. பள்ளித் தவணை தொடங்கிவிட்டதால் இனிக் காத்திருக்க இயலாது என்று சொல்லி அவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. எங்கள் வழக்குரைஞர் அலுவலகத்தின்மீது இருந்தது. அதுவும் இப்போது ஆறிவிட்டது. அந்த வீடு இன்னும் ஓராண்டும் சில மாதங்களும் கழித்து, நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலைக்கு வேறொருவருக்குப் போயிற்று.

அதில் ஒரு சிறு ஆறுதல். 1976-ஆம் ஆண்டின் நிலச் சொத்து இலாப வரிச் சட்டம் என்று ஒன்று உண்டு. வீட்டை வாங்கி விரைவில் விற்று இலாபம் பார்ப்பதைத் தடுக்க வந்தது. காலத்துக்குக் காலம் அதன் விழுக்காடு மாறியிருக்கிறது. 2007 ஏப்ரல் முதல் 2009 இறுதி வரை வசூலிக்கப்படாமலும் இருந்திருக்கிறது. 2022 முதல் உள்ள நிலைப்படி, குடிமக்கள் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15, ஆறாம் ஆண்டு முதல் ஒன்றுமில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்குக் கோரவும் இடமுண்டு. எங்களுக்கு வரிப் பிரச்சினையே எழவில்லை. வரி கேட்கும் அளவுக்கு இலாபம் இருந்தால்தானே!

சாலையும் இரயிலும் பற்றிச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். இது எல்லாருக்கும் தெரிந்ததே. பூச்சோங் ஒரு காலத்தில் ஈயக் குட்டைகளும் தோட்டங்களும் நிறைந்த ஒதுக்கிடம். 1999-இல் டாமன்சாரா–பூச்சோங் விரைவுச்சாலை திறக்கப்பட்ட பிறகே அங்கே வீடு வாங்கியவர்களுக்கு யோகம் அடித்தது. அந்த யோகம் முற்றி நெரிசலாகிப் பல ஆண்டுகள் அவதிப்பட்ட பின், 2016-இல் இலகு இரயில் பூச்சோங் வழியாய்ப் புத்ரா ஹைட்ஸ் வரை நீண்டது. கிள்ளானுக்கு 1995-இலேயே கொமுட்டர் இரயில் வந்தது. 2018 சனவரி முதல் நாள் கூட்டரசு நெடுஞ்சாலையின் பத்து தீகா, சுங்கை ராசாவ் சாவடிகளில் கட்டணம் நீக்கப்பட்டது; நாள்தோறும் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும் கிள்ளான்வாசிக்கு அது சம்பள உயர்வு போல. ஆனால் ஒன்று: 'இங்கே நிலையம் வரப்போகிறது' என்று விற்பனையாளர் சுவரில் ஒட்டியிருக்கும் வரைபடத்தை நம்பி வாங்காதீர்கள். வந்துவிட்ட நிலையத்திற்கு மட்டும் விலை கொடுங்கள்.

தண்ணீரின் வரலாறு அப்படிச் சுருக்கிச் சொல்லக்கூடியதன்று. 2021 டிசம்பர் 18-ஆம் நாள் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் என்ன நடந்தது என்பதை இதைப் படிக்கும் பலர் கண்ணால் கண்டிருப்பீர்கள். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் மாமா குடும்பம் அங்கே இருந்தது. அவர்கள் கூரைக்குக் கீழே மாடியில் ஒடுங்கி, படகு வரும்வரை காத்திருந்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு வீதியெங்கும் நாற்காலிகளும் பள்ளிப் பைகளும் குளிர்பதனப் பெட்டிகளும் மலைபோல் குவிந்து கிடந்தன. அந்த ஊர் கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்நிலம். வெயில் காலத்தில் வீடு பார்க்கப் போகிறவருக்கு அது தெரியாது. சுவரில் புதுச் சாயம் அடித்திருக்கும். ஆற்றுக்கு மட்டும் எவரும் சாயம் அடிப்பதில்லை. ஆகவே வீடு பார்க்கப் போனால் விற்பவரை மட்டும் கேட்காதீர்கள். வீதி முனையில் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். அந்தப் பகுதித் தமிழ்ப்பள்ளியின் காவலாளியைக் கேளுங்கள். அடுத்தமுறை நீங்கள் விற்கப்போகும்போது, உங்களிடம் வாங்க வருபவர் அவர்களைக் கேட்பார்.

மேட்டு நிலமும் அப்படியே. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். எஞ்சிய இரண்டு கட்டடங்களில் வீடு வைத்திருந்தவர்களோ உயிரோடு இருந்தும் வீட்டை இழந்தார்கள். மலைச்சரிவு வீட்டின் காட்சி அழகுக்கு விலை கொடுக்கிறவர், சரிவுக்குப் பின்புறம் உள்ள தடுப்புச் சுவரையும் நீர்வடிகாலையும் ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும்.

இனி, நமக்கு எளிதில் பேச வராத ஒன்றுக்கு வருகிறேன். மறுவிற்பனை என்றால் நாளை நம்மிடம் வாங்கப்போகிறவர் யார் என்பதே கேள்வி. நம் நாட்டில் அவர் எந்த இனத்தவராகவும் இருக்கலாம். சீன அன்பர்கள் நான்காம் எண்ணை விரும்புவதில்லை. ஆதலால்தான் பல தாமான்களில் 3-க்கு அடுத்த வீடு 3ஏ ஆகியிருக்கிறது. தெருக்குத்து வீட்டை நாமும் ஒதுக்குகிறோம், அவர்களும் ஒதுக்குகிறார்கள். பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீட்டைப் பிற இனத்தவருக்கு விற்க மாநில அரசின் அனுமதி வேண்டும். இவற்றை நியாயம், அநியாயம் என்று வாதிடுவதற்கு வேறு இடம் உண்டு. வாங்குமுன் தெரிந்து வைத்துக்கொள்ளவேண்டும் என்பதே இங்கே பேச்சு.

ஆனால் என் மனத்தை உறுத்துவது அதற்கும் முந்திய ஒன்று. நம்மவர்களில் பலருக்கு 'மறுவிற்பனை' என்னும் சொல்லே ஏன் இவ்வளவு தாமதமாய் வந்தது?

பிரிக்பீல்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். 1881-இன் தீவிபத்துக்கும் வெள்ளத்துக்கும் பின், கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்டவேண்டும் என்று முடிவாகி, அங்கே சூளைகள் எழுந்தன. பிறகு இரயில்வே வந்தது. இலங்கையிலிருந்து எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்த தமிழர், தமிழகத்திலிருந்து தொழிலாளிகளாய் வந்த தமிழர், எல்லாரும் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். செந்தூலில் இரயில்வே பட்டறையைச் சுற்றியும் அப்படியே. இன்று பிரிக்பீல்ட்ஸ் விலைமதிப்பற்ற இடம். கே.எல். சென்ட்ரல் நிலையம் 2001-இல் திறக்கப்பட்டது; 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியாவைத் தொடங்கி வைத்தார். ஆனால் நூறாண்டுக் காலம் அங்கே வாழ்ந்த குடும்பங்களில் எத்தனை பேருக்கு அந்த மண்ணில் ஒரு பட்டா இருந்தது? குடியிருப்பு வேலையோடு வந்தது. வேலை ஓய்ந்த நாளில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறவேண்டியிருந்தது. முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர் தம் 55-ஆம் வயதில்தான் முதன்முதலாய் வீட்டு விலை என்ன என்று விசாரித்தார்.

தோட்டத்தில் இது இன்னும் கடுமை. லயத்து வீடு தோட்டத்துரையுடையது. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் 1941-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயம் கூடாது என்றும் கேட்டார்கள். மிதிவண்டியில் அமர்ந்து போகும் உரிமையையே கேட்டுப் பெறவேண்டியிருந்தவர்கள், காலடி நிலத்தைக் கேட்கும் நிலைக்கு எப்போது வந்திருப்பார்கள்?

விடுதலைக்கு முன்னும் பின்னுமாய் ஐரோப்பிய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. துண்டு துண்டாய்ப் பிரித்து விற்கப்பட்ட தோட்டங்களிலிருந்து தொழிலாளர் வெளியேற்றப்பட்டார்கள். அப்போதுதான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டத்தையே வாங்கிவிடுவது என்பது திட்டம். 1961-இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலாவதாய் வாங்கப்பட்டது. என் பாட்டி அதில் பங்கு கட்டினார். தோட்டத்தில் கட்டாதவர்களும் இருந்தார்கள். 'வெள்ளைக்காரன் போகப்போவதில்லை' என்று சொன்னார்களாம். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? வாரக் கூலியில் எதை மிச்சம் பிடிப்பது?

1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகி, 1978-இல் ஷா ஆலாம் சிலாங்கூரின் தலைநகரான பிறகு, இடைப்பட்ட தோட்டங்களின் மீது நகரம் வேகமாய்ப் படர்ந்தது. தோட்டம் விற்ற பணம் நிறுவனத்துக்குப் போயிற்று. மனை விற்ற பணம் மேம்பாட்டாளருக்குப் போயிற்று. மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்தவருக்கு இழப்பீடாய்ச் சிறு தொகை கிடைத்தது. சில இடங்களில் நீண்ட போராட்டத்திற்குப் பின் மலிவு விலை அடுக்குமாடி கிடைத்தது. ஆகவேதான் நம் பெற்றோருக்கு, 'இந்த வீட்டை விற்று அந்த வீட்டை வாங்கு' என்று சொல்லித்தரத் தெரியவில்லை. அவர்களுக்கு விற்க ஒன்றும் இருந்ததில்லை.

அந்தத் தோட்டங்களில் எஞ்சி நிற்பவை பெரும்பாலும் இரண்டே: கோயிலும் தமிழ்ப்பள்ளியும். வீதிப் பலகையில் தோட்டத்தின் பெயர் இராது. பள்ளிப் பலகையில் இருக்கும். பண்டார் உத்தாமாவில் உள்ள தமிழ்ப்பள்ளியின் பெயர் எஃபிங்ஹாம். சுபாங் ஜெயாவில் சீபீல்ட். செத்தியா ஆலாமில் நோர்த் ஹம்மோக். புது நகரத்தில் ஆங்கிலத் துரையிட்ட பெயரைத் தமிழ்ப் பிள்ளைகள் சீருடைச் சின்னத்தில் சுமந்து திரிவது விந்தைதான். ஆயினும் எனக்கு அது மகிழ்ச்சி. அந்த மண்ணின் உண்மையான பட்டா அதுவென்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

பெற்றோர் இதனை மறுவிற்பனைக் கணக்கிலும் சேர்க்கவேண்டும். சீன அன்பர்கள் சீனப்பள்ளி அருகே உள்ள வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்குவதில்லை. நாமோ தமிழ்ப்பள்ளியை ஒரு பொருட்டாய்க் கருதாமல் வீடு வாங்கிவிட்டு, 'பள்ளி தொலைவு, பேருந்துச் செலவு' என்று காரணம் சொல்லிப் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்கிறோம். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. ஐம்பது ஆண்டில் 523 ஆயின. 150-க்கும் குறைவான மாணவர் கொண்ட பள்ளிகள் இன்றும் ஏராளம். அதே வேளையில், நாட்டின் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றான கிள்ளான் சிம்பாங் லீமாவைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடிக்கொண்டேயிருக்கின்றன. அங்கே விற்கவோ வாடகைக்கு விடவோ ஆள் தேடி அலையவேண்டியதில்லை. ஆசிரியர்களாகிய நம்மில் சிலரே தமிழ்ப்பள்ளி இல்லாத இடத்தில் வீடு வாங்கி, பிள்ளையையும் அங்கேயே சேர்த்துவிட்டு, மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று கூட்டத்தில் பேசுகிறோம். வருத்தம் வேண்டாம், இதை எழுதும் நானும் ஓராண்டு அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அடுக்குமாடியை விற்றபின் நாங்கள் வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டோம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்குக் கிள்ளானில் பள்ளி. இவ்வாண்டு மீண்டும் வீடு பார்க்கத் தொடங்கினோம். சுபாங் ஜெயாவில் ஒரு பழைய வரிசை வீடு: நிரந்தர உரிமை, இலகு இரயிலுக்கு நடந்து போகலாம், விற்றால் அடுத்த வாரமே போகும் என்றார் முகவர். விலை எங்கள் கழுத்தளவுக்கு இருந்தது. மற்றொன்று காப்பார் சாலைப் பக்கம், புதிய தாமான். விலை குறைவு. அதுவும் நிரந்தர உரிமை.

இரண்டாவதைப் பார்க்கப் போனபோது அம்மாவும் வந்திருந்தார். அவருக்கு எழுபத்திரண்டு வயது. தாமானுக்குள் நுழைந்ததும் வண்டியின் கண்ணாடியை இறக்கச் சொன்னார். நீர்த்தேக்கக் குட்டை அருகே நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றார். "இங்கதான்மா பெரட்டு. அந்தப் பக்கம் ஸ்டோரு. நான் பால் வாளியத் தூக்கிக்கிட்டு இந்த மேட்டுலதான் ஏறி வருவேன்" என்றார். என் கணவர் மேட்டைத் தேடினார். மேடு இல்லை, சமப்படுத்திவிட்டார்கள். "தண்ணி நிக்குமா அம்மா?" என்று நான் கேட்டேன். அம்மா சிரித்தார். "கீழ்த் தீம்பார்ல நிக்கும். இங்க நின்னதில்ல. லயம் இங்கதானே கட்டியிருந்தாங்க, வெள்ளைக்காரன் சும்மாவா கட்டுவான்?"

அன்று மாலை வீட்டுக்கு வந்து நாங்கள் இருவரும் தாளெடுத்துக் கணக்குப் போட்டோம். சுபாங் ஜெயா வீடு விரைவில் விலைபோகும், ஐயமில்லை. ஆனால் மாதத் தவணை போக மகளின் மேற்படிப்புக்கு மிச்சம் பிடிக்க வழியில்லை. நாள்தோறும் கிள்ளானுக்குத் திரும்பி வரும் பயணச் செலவு வேறு. காப்பார் சாலை வீடு மெதுவாய்த்தான் ஏறும். விற்க நேர்ந்தால் சில மாதம் காத்திருக்கவேண்டும். குறைந்த விலைக்கு அவசரமாய் விற்கும் நிலைக்கு நாங்கள் தள்ளப்படாமலிருந்தால், காத்திருப்பதில் இழப்பில்லை. முன்பு நாங்கள் இழந்தது அவசரத்தால்தான்.

மறுநாள் ஷா ஆலாம் நில அலுவலகத்துப் பதிவேட்டில் பட்டாவைத் தேடச் சொல்லி வழக்குரைஞரிடம் கொடுத்தோம்; இம்முறை வேறு வழக்குரைஞர். விவரம் ஒரு வாரத்தில் வந்தது. 'கெரான்' என்று தொடங்கியிருந்தது. கட்டுப்பாடு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதை இரண்டு முறை படித்தேன். பிறகு அம்மாவிடம் கொடுத்தேன். அவருக்கு மலாய் எழுத்துகள் வாசிக்க வராது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளைப் புரட்டி, "இதுல யார் பேரு போடுவாங்க?" என்று கேட்டார்.

எங்கள் இருவர் பெயரும் என்று சொன்னேன்.

இளம் ஆசிரியைக்கு: நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மூன்று வீடுகளின் பட்டா நகல்களையும் பள்ளி திறக்கும் முதல் நாள் கொண்டு வாருங்கள். ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து பார்ப்போம்.